கிளாண்ட் இறுக்க இறுக்க ஒழுகுது, 1500க்கு மேல படகு உதறுது: ஷாஃப்ட் லைன் பார்த்தவங்க வழி சொல்லுங்க

உப்பனாறு_தம்பி | ஜூலை 2, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ஊர் கடலூர் முதுநகர். படகு 48 அடி, மரம், அப்பா காலத்துல கட்டினது. இந்தத் தடைக்காலத்துல பழைய இன்ஜினை இறக்கிட்டு வேற ஆறு சிலிண்டர் இன்ஜின் வெச்சோம். கியர்பாக்ஸ் 3க்கு 1, அதாவது இன்ஜின் மூணு சுத்துக்கு ஷாஃப்ட் ஒரு சுத்து. ஷாஃப்ட் பழையதுதான், 50 மி.மீ. ஸ்டெயின்லெஸ். ப்ரொப்பல்லர் மூணு றெக்கை, அதுவும் பழசு.

ஜூன் 14 ராத்திரி தடை முடிஞ்சதும் எல்லாரோடயும் சேர்ந்து முகத்துவாரம் தாண்டினோம். இன்ஜின் 1400 ஆர்.பி.எம். (நிமிஷத்துக்கு 1400 சுத்து) வரைக்கும் ஒண்ணும் தெரியல. 1500 தொட்டதும் பின்தளம் உதற ஆரம்பிச்சுது. தண்ணிச் சொம்பு தானா நகருது. கரைக்கு வந்து பலகையைத் தூக்கிப் பார்த்தா கிளாண்ட் (ஷாஃப்ட்டைச் சுத்தி கயிறு அடைச்சு, கடல் தண்ணி உள்ள வராம தடுக்கிற இடம்) வழியா தண்ணி ஊத்துது. இறுக்கினோம். அடுத்த ட்ரிப்புல மறுபடி ஊத்துச்சு, மறுபடி இறுக்கினோம். இப்ப கிளாண்ட் மேல கை வைக்க முடியல, அவ்வளவு சூடு. நேத்து மூணாவது ட்ரிப்புல, கியர்பாக்ஸையும் ஷாஃப்ட்டையும் இணைக்கிற கப்ளிங் போல்ட் ஒண்ணு தலை முறிஞ்சு அடியில கிடந்துது. இன்னொண்ணு லூசு.

இன்ஜின் பொருத்தினவர், "புதுசா உட்கார்ந்திருக்கு, ஓட ஓட செட்டாயிடும்"னு சொல்றார். பக்கத்துப் படகுக்காரர் ரப்பர் கப்ளிங் போடச் சொல்றார். இன்னொருத்தர் ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு, மாத்துன்றார். இன்ஜின் மாத்தினதுலயே கையிருப்பு போச்சு. எதை முதல்ல பார்க்கணும்?

தேங்காய்த்திட்டு_மெக்கானிக் | ஜூலை 2, இரவு 9.48

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதே. மூணு கேள்விக்குப் பதில் சொல்லு. லைன், அதாவது இன்ஜினும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டுல இருக்கான்னு பார்த்தது கரையிலயா, தண்ணியிலயா? எதை வெச்சுப் பார்த்தாங்க? நியூட்ரல்ல 1500 வெச்சா உதறுதா?

அதுவரைக்கும் தொழிலுக்குப் போகாதே. ஒரு போல்ட் தலை முறிஞ்ச பிறகு மிச்ச போல்ட்டை நம்பக் கூடாது. ரிவர்ஸ் போடுறப்ப கப்ளிங் விட்டுச்சுன்னா ஷாஃப்ட் பின்னால நழுவி சுக்கான்ல போய் இடிக்கும். அதுக்கு மேலயும் போச்சுன்னா ஷாஃப்ட் வெளிய போற ட்யூப் ஓட்டை வழியா தண்ணி உள்ள வரும். படகே போயிடும்.

உப்பனாறு_தம்பி | ஜூலை 3, காலை 6.25

அண்ணே, லைன் பார்த்தது கரையில. படகு கட்டை மேல நின்னுச்சு, இறக்குறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. எதையும் வெச்சு அளந்த மாதிரி ஞாபகம் இல்ல. கடப்பாரை போட்டு இன்ஜினை நெம்பினாங்க, போல்ட் ஓட்டை நேரா வந்துச்சு, போட்டு இறுக்கிட்டாங்க.

நியூட்ரல் டெஸ்ட் இப்பதான் பண்ணினேன். 1500, 1600, 1700 மூணுலயும் உதறல் இல்ல. கியர் போட்டு கயித்துல கட்டி நிறுத்தி 1500 கொண்டுபோனா உதறுது.

பழைய_டிரைவர் | ஜூலை 3, காலை 8.05

தேவனாம்பட்டினத்துலேருந்து எழுதுறேன். முப்பது வருஷம் விசைப்படகு ஓட்டினவன்.

ஓட்டையும் ஓட்டையும் நேரா வந்துட்டா லைன் வந்துடுச்சுன்னு நினைக்கிறது இந்தத் தொழில்ல நிறைய பேருக்கு இருக்கிற பழக்கம். கடப்பாரை போட்டா எந்த ஓட்டையும் நேரா வரும் தம்பி. கப்ளிங் முகமும் முகமும் தட்டு மேல தட்டு வெச்ச மாதிரி சுத்திலும் ஒரே இடைவெளியில பார்த்துக்கணும். மேல திறந்து கீழ ஒட்டியிருக்கிறப்ப போல்ட்டைப் போட்டு இறுக்கினா, அந்தத் திறப்பை மூடுறதுக்கு ஷாஃப்ட் வளையணும். வளைஞ்ச ஷாஃப்ட் சும்மா நிக்கல, சுத்துது. நீ 1500ல ஓட்டினா ஷாஃப்ட் 500 சுத்து. ஒரு மணி நேரத்துக்கு 30,000 தடவை அந்தக் கப்ளிங் போல்ட் இழுபட்டு விடுபடுது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைச்சு முறிப்போம் இல்லையா, அதேதான் உன் போல்ட்டுக்கு நடந்துச்சு.

கிளாண்ட் ஒழுகுறதும் அதனாலதான். ஷாஃப்ட் ஓட்டைக்கு நடுவுல சுத்தாம ஒரு பக்கம் அழுத்திக்கிட்டு சுத்தினா, பேக்கிங் கயிறு அந்தப் பக்கம் நசுங்கி எதிர்ப்பக்கம் இடம் விடும். நீ இறுக்க இறுக்க நசுங்கின பக்கம்தான் இன்னும் நசுங்கும். சூடு வரும், ஷாஃப்ட்ல பள்ளம் விழும். பள்ளம் விழுந்த ஷாஃப்ட்ல எந்தக் கயிறு போட்டாலும் தண்ணி நிக்காது. இன்னைக்கே கிளாண்டைத் தளர்த்தி விடு. ஓடுறப்ப நாலஞ்சு நொடிக்கு ஒரு சொட்டு விழணும். அந்தச் சொட்டுதான் கயித்துக்குக் குளிர்ச்சி.

இன்னொண்ணு. மரப்படகைக் கரையில வெச்சு லைன் பார்த்து அதையே கடைசின்னு விட்டா அது நிக்கவே நிக்காது. 2011 டிசம்பர் 30, தானே புயல்ல எங்க படகைத் தூக்கிக் கரையில போட்டுச்சு. ஏராவுக்கு (படகோட அடி முதுகுக்கட்டை) ஒண்ணும் ஆகல, சுக்கானும் ப்ரொப்பல்லரும் போச்சு. கரையிலேயே எல்லாத்தையும் சரி பண்ணி, கரையிலேயே லைன் பார்த்து, தண்ணியில இறக்கினோம். ரெண்டு மாசத்துல ஷாஃப்ட்டைத் தாங்குற பேரிங் தேஞ்சுது. மாத்தினோம். மறுபடி தேஞ்சுது. அப்பதான் ஒரு பெரியவர் சொன்னார்: கரையில படகு கட்டை மேல நிக்குது, தண்ணியில தண்ணி தாங்குது, ரெண்டும் ஒரே உருவம் இல்லடா. தடைக்காலம் முழுக்க வெயில்ல நின்ன பலகை காஞ்சு சுருங்கியிருக்கும், தண்ணி குடிச்சா உப்பும். இறக்கி ரெண்டு மூணு நாள் கழிச்சு கப்ளிங்கை அவுத்துப் பார்த்தோம். நான் கண்ணால பார்த்தேன், மேல ஒரு நூலிழை வாக்குல திறந்திருந்துது.

2017லேருந்து 45 நாள் தடை 61 நாளா ஆச்சு. படகு காயற நாளும் கூடியிருக்கு. இதை யாரும் யோசிக்கிறதில்ல.

வங்கக்கடல்_88 | ஜூலை 3, காலை 10.30

நான் ரப்பர் கப்ளிங் போட்டேன் சார், எங்க படகுல உதறல் நின்னுடுச்சு. அளக்குறது எல்லாம் பெரிய கப்பலுக்கு. நம்ம படகுக்கு ரப்பர் போட்டா போதும்.

தேங்காய்த்திட்டு_மெக்கானிக் | ஜூலை 3, பகல் 1.15

வங்கக்கடல் தம்பி, நீங்க சொல்றது உண்மை, உதறல் நிக்கும். ஆனா நான் அவுத்துப் பார்த்த படகுகள்ல என்ன கண்டேன்னு சொல்றேன். ரப்பர் அந்தக் கோணலை வாங்கிக்குது. வாங்கிக்கிட்டே சூடாகுது. ஒரு வருஷத்துல வெடிப்பு விடும். தளத்துல உதறல் தெரியலைன்னாலும் ஸ்டெர்ன் ட்யூப் (ஷாஃப்ட் படகை விட்டு வெளிய போற குழாய்) பேரிங்கும் கியர்பாக்ஸ் பின் சீலும் கோணல்லயேதான் ஓடுது. உதறல் இருந்தா நமக்குத் தெரியும், நிறுத்திப் பார்ப்போம். ரப்பர் போட்டு அதை மறைச்சுட்டா கியர்பாக்ஸ் ஆயில் கீழ இறங்குற வரைக்கும் தெரியாது.

ரப்பர் கப்ளிங் நல்ல சாமான். முதல்ல இரும்புக்கு இரும்பு லைன் பார்த்து முடிச்சிட்டு அப்புறம் போட்டா கியர் மாத்துறப்ப வர்ற அடியைத் தாங்கும். லைனுக்குப் பதிலா அதைப் போடாதீங்க.

உப்பனாறு தம்பிக்கு: நியூட்ரல்ல இல்ல, கியர்ல இருக்குன்னா இன்ஜினையும் பவுண்டேஷனையும் பெரும்பாலும் விட்டுடலாம். ஷாஃப்ட், கப்ளிங், பேரிங், ப்ரொப்பல்லர், இந்த நாலுக்குள்ளதான் இருக்கு.

கப்பல்_பாடம் | ஜூலை 3, மாலை 5.40

நான் புதுச்சேரியில் மரைன் இன்ஜினீயரிங் பாடம் எடுப்பவன். மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன்.

உதறலின் வேகத்தை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்திருப்பீர்கள். ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு ஒரு உதறல் என்றால் ஷாஃப்ட் வளைவு அல்லது ப்ரொப்பல்லர் எடைக் கோளாறு. ஒரு சுற்றுக்கு மூன்று என்றால் மூன்று றெக்கையால் வருவது. ஆனால் இந்தப் படகில் கியர் 3க்கு 1, றெக்கையும் மூன்று. இன்ஜின் 1500 சுற்றும்போது ஷாஃப்ட் 500, றெக்கை கடப்பது 500ஐ 3ஆல் பெருக்கினால் அதே 1500. இன்ஜின் உதறலும் றெக்கை உதறலும் ஒரே தாளத்தில் வரும். கையை வைத்துப் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் நியூட்ரல் சோதனை இங்கே இவ்வளவு முக்கியம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நியூட்ரலில் இன்ஜினுக்குச் சுமை இல்லை. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று சரியாக அடிக்காவிட்டாலும் சுமை ஏறும்போதுதான் அது உதறலாகத் தெரியும். லைன் சரியாகியும் உதறல் மிச்சம் இருந்தால் அந்தப் பக்கம் பாருங்கள்.

கரையோரம் | ஜூலை 3, இரவு 8.20

வீராம்பட்டினம். வீட்டுக்காரர் கடலுக்குப் போவார், கணக்கு என் கையில். எங்கள் படகில் போன வருஷம் மட்டும் மூன்று தடவை ஸ்டெர்ன் ட்யூப் ரப்பர் பேரிங் மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் பேரிங் சரக்கு மட்டம் என்றுதான் சொன்னார்கள். பேரிங் விலை ஒரு பக்கம். படகைக் கரையேற்றும் கூலி, தொழில் போன நாட்கள், ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் தனி.

கழற்றின பேரிங் மூன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். மூன்றிலும் பின் முனையில் கீழே தேய்ந்திருக்கிறது, முன் முனையில் மேலே தேய்ந்திருக்கிறது. நடுவில் ரப்பர் வரி புதுசு போலவே இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?

பழைய_டிரைவர் | ஜூலை 3, இரவு 8.55

அம்மா, நீங்க அதைப் பத்திரமா வெச்சிருந்தது பெரிய காரியம். சரக்கு மட்டம்னா சுத்திலும் ஒரே மாதிரி தேயும். ஒரு முனையில கீழயும் இன்னொரு முனையில மேலயும் தேஞ்சா, ஷாஃப்ட் பேரிங்குக்குள்ள சாஞ்சு கிடக்குதுன்னு அர்த்தம். லைன்தான். நாலாவது பேரிங் வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க.

கரையோரம் | ஜூலை 3, இரவு 9.02

லைன் சரியானால் டீசலும் மிச்சமாகுமா ஐயா?

பழைய_டிரைவர் | ஜூலை 3, இரவு 9.20

கொஞ்சம் ஆகலாம், அதை நம்பி செலவு பண்ணாதீங்க. டீசலைத் தின்னுறது அடியில ஒட்டின சிப்பியும் றெக்கை மடங்கினதும்தான். லைன்னால மிச்சமாகுறது பேரிங், கிளாண்ட் கயிறு, சீல், கியர்பாக்ஸ். அதுவே போதுமான காசு.

லேத்துக்காரன் | ஜூலை 4, காலை 7.10

முதுநகர்ல லேத் பட்டறை வெச்சிருக்கேன். ஷாஃப்ட் வளைஞ்சிருக்குன்னு சொல்லி வாரத்துக்கு ரெண்டு பேர் கழட்டிக்கிட்டு வர்றாங்க. லேத் சென்டர்ல மாட்டி டயல் கேஜ் வெச்சு அளந்தா பாதிப் பேருது நேராத்தான் இருக்கு. கழட்டின கூலியும் போச்சு, நாளும் போச்சு. தம்பி, நீ கழட்டாதே. படகுலேயே தெரிஞ்சுக்கலாம்.

முதல்ல பேட்டரி முனையைக் கழட்டி வெச்சிடு. கப்ளிங்குக்குள்ள விரல் போறப்ப எவனும் ஸ்டார்ட்டரைத் தொட்டுடக் கூடாது. என் கண்ணு முன்னாடி ஒரு பையனுக்கு ரெண்டு விரல் போச்சு, அதனால சொல்றேன்.

போல்ட்டை எல்லாம் எடுத்துட்டு ஷாஃப்ட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளு, முகத்துக்கு முகம் கால் மி.மீ. வாக்குல இடைவெளி வர்ற மாதிரி. ரெண்டு கப்ளிங்லயும் மேல ஒரு சாக்குக்கட்டி கோடு போடு. ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசுத் தகடுகள்) எடுத்து மேல, கீழ, இடது, வலது நாலு இடத்துலயும் இடைவெளியைப் பாரு. தகடு லேசா பிடிச்சு இழுபடணும், திணிக்கக் கூடாது. எழுதி வெச்சுக்க. இப்ப கியர்பாக்ஸ் பக்கம் அப்படியே நிக்க, ஷாஃப்ட்டை மட்டும் கால் சுத்து சுத்தி மறுபடி நாலு இடம். இப்படி நாலு தடவை, மொத்தம் பதினாறு அளவு.

பெரிய இடைவெளி ஷாஃப்ட் கூடவே சுத்தி வந்துச்சுன்னா ஷாஃப்ட் வளைவு, இல்லன்னா கப்ளிங் முகம் கோணல். அப்ப என்கிட்ட வா. ஷாஃப்ட் எப்படிச் சுத்தினாலும் பெரிய இடைவெளி மேலயே நின்னுச்சுன்னா ஷாஃப்ட்டுக்கு ஒண்ணும் இல்ல, இன்ஜின் உட்கார்ந்த விதம்தான் கோணல். அப்ப என்கிட்ட வர வேண்டிய வேலையே இல்ல.

கப்ளிங்கைக் கழட்டி மாட்டினவங்களுக்கு ஒரு வார்த்தை: சாவி (ஷாஃப்ட்டும் கப்ளிங்கும் சேர்ந்து சுத்த நடுவுல வைக்கிற இரும்புத் துண்டு) உயரமா இருந்தா கப்ளிங்கை ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்கும், முகம் சாயும். சாவிக்கு மேல கொஞ்சம் இடம் இருக்கணும். பக்கவாட்டுலதான் டைட் வேணும்.

கப்பல்_பாடம் | ஜூலை 4, காலை 9.35

லேத்துக்காரர் சொன்ன அளவை எடுக்கும் முன் ஒரு விஷயத்தைக் கவனிக்காவிட்டால் பதினாறு அளவும் தப்பாக வரும்: ஷாஃப்ட்டின் தொய்வு.

போல்ட்டை எடுத்ததும் ஷாஃப்ட்டின் முன்முனை அந்தரத்தில் நிற்கிறது. தம்பி, உங்கள் படகில் உள் பேரிங்கிலிருந்து கப்ளிங் வரை எவ்வளவு நீளம்? ஒரு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் மீட்டருக்குச் சுமார் 15.5 கிலோ. 1.2 மீட்டருக்கு 18.6 கிலோ. நுனியில் கப்ளிங் ஒரு 8 கிலோ. இந்தக் கனத்துக்கு நுனி கிட்டத்தட்ட 1.4 மி.மீ. கீழே தொங்கும் என்று கணக்கு சொல்கிறது. தொங்கும்போது கப்ளிங் முகமும் குனியும். 150 மி.மீ. விட்டமுள்ள கப்ளிங் என்றால் அந்தக் குனிவாலேயே கீழ்ப்பக்கம் கால் மி.மீ. திறந்து காட்டும்.

இதை அறியாமல், தொங்குகிற ஷாஃப்ட்டுக்கு ஏற்ப இன்ஜினைத் தாழ்த்தி வைத்தால் என்ன ஆகும்? போல்ட் போட்ட பிறகு ஷாஃப்ட் காலமெல்லாம் அந்தத் தொங்கலோடு வளைந்தே சுற்றும்.

நிவாரணம் எளிது. அந்தரத்தில் நிற்கும் ஷாஃப்ட் கனத்தில் பாதி, கப்ளிங் கனம் முழுவதும், இரண்டையும் கூட்டி அந்த அளவுக்குக் கப்ளிங்கை மேலே தாங்கிப் பிடிக்க வேண்டும். இங்கே 9.3 கூட்டல் 8, சுமார் 17 கிலோ.

தேங்காய்த்திட்டு_மெக்கானிக் | ஜூலை 4, காலை 10.10

இதுக்குத் தனியா சாமான் வாங்க வேண்டாம். மீன் நிறுக்கிற கொக்கித் தராசு எல்லாப் படகுலயும் இருக்கும். மேல குறுக்குக் கட்டை ஒண்ணு போட்டு, அதுல டர்ன்பக்கிள் (முறுக்கினா இழுத்துப் பிடிக்கிற திருகு) கட்டி, கீழ தராசை மாட்டு. தராசுக் கொக்கியிலேருந்து கப்ளிங் கழுத்துக்கு ஒரு கயிறு. டர்ன்பக்கிளை முறுக்க முறுக்க முள் ஏறும். 17ல நிறுத்து. அங்கேயே வெச்சுக்கிட்டு அளவெடு. நான் பத்து வருஷமா இப்படித்தான் பண்றேன்.

உப்பனாறு_தம்பி | ஜூலை 6, இரவு 10.05

அண்ணன்களுக்கு நன்றி. படகு தண்ணியில்தான் நிக்குது, உப்பனாத்துல கட்டியிருக்கேன். டீசல் பாதி டேங்க், ஐஸ் கொஞ்சம் ஏத்தி வெச்சு, தொழிலுக்குப் போற கனத்துல அளந்தேன். நீளம் 1.2 மீட்டரேதான், கப்ளிங் 150 மி.மீ. லேத்துக்காரண்ணன் ஃபில்லர் கேஜ் கடன் கொடுத்தார்.

முதல்ல தராசு இல்லாம அளந்தேன். மேல 0.40, கீழ 0.25. அப்புறம் தராசுல 17 கிலோ ஏத்தினேன். முள் ஏற ஏற கப்ளிங் எழும்புறது கண்ணுக்கே தெரிஞ்சுது அண்ணே. இதுவரைக்கும் நேர்ல பார்க்காத விஷயம். இப்ப மேல 0.55, கீழ 0.10, இடது 0.30, வலது 0.35.

ஷாஃப்ட்டைச் சுத்தி நாலு தடவையும் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் 0.05 கூடக் குறைய வந்துச்சு, ஆனா பெரிய இடைவெளி மேலயேதான் நின்னுச்சு. கீழ போகவே இல்ல.

கப்ளிங் ரெண்டுக்கும் மேல இரும்பு ஸ்கேலை நீட்டி வெச்சுப் பார்த்தேன். கியர்பாக்ஸ் பக்கம் 0.8 மி.மீ. தாழ்வா இருக்கு. பக்கவாட்டுல சரியா இருக்கு.

லேத்துக்காரன் | ஜூலை 6, இரவு 10.20

ஷாஃப்ட் நேரா இருக்கு. 0.05 கப்ளிங் முகத்துல வர்றது, விட்டுடலாம். ஷாஃப்ட் மாத்துற காசு மிச்சம்.

கப்பல்_பாடம் | ஜூலை 7, காலை 6.50

மிக நன்றாக அளந்திருக்கிறீர்கள். நடைமுறையில் வைத்திருக்கும் எல்லை: கப்ளிங் விட்டம் ஒரு இன்ச்சுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு இன்ச். உங்களுடையது 6 இன்ச், அதாவது எதிரெதிர்ப் பக்க வித்தியாசம் 0.15 மி.மீ. வரை பொறுக்கலாம். உங்களுக்கு வந்திருப்பது 0.45. மூன்று மடங்கு.

தராசு இல்லாமல் அளந்தபோது வித்தியாசம் 0.15தான் காட்டியது, கவனித்தீர்களா? அதை மட்டும் பார்த்திருந்தால் "சரியாக இருக்கிறது" என்று மூடிவிட்டுப் போயிருப்போம்.

இப்போது எவ்வளவு தூக்குவது? மேலே திறந்திருந்தால் இன்ஜினின் முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது. 150க்கு 0.45 என்றால் 1000க்கு 3. கப்ளிங் முகத்திலிருந்து இன்ஜின் முன்கால், பின்கால் எவ்வளவு தூரம் என்று சொல்லுங்கள்.

உப்பனாறு_தம்பி | ஜூலை 7, காலை 7.15

முன்கால் 1200 மி.மீ., பின்கால் 300 மி.மீ. சார். கால் இரும்பு பிராக்கெட், கீழ மரக்கட்டை பெட்.

கப்பல்_பாடம் | ஜூலை 7, காலை 7.30

முன்கால் 3.6 மி.மீ., பின்கால் 0.9 மி.மீ. தூக்கினால் முகம் நேராகும். இதில் கப்ளிங் உயரம் மாறாது. கியர்பாக்ஸ் பக்கம் 0.8 தாழ்வு இருக்கிறதே, அதற்கு நாலு காலுக்கும் 0.8 கூட்டுங்கள். ஆக முன்கால் இரண்டுக்கும் 4.4, பின்கால் இரண்டுக்கும் 1.7.

பழைய_டிரைவர் | ஜூலை 7, காலை 8.10

சார் கணக்கைப் பார்த்து எனக்கு ரொம்ப சந்தோஷம். எங்க காலத்துல தூக்கிப் பார்த்து, இறக்கிப் பார்த்து, ஒரு நாள் முழுக்க போராடுவோம்.

தம்பி, காலுக்கு அடியில ப்ளைவுட் துண்டு, பழைய டயர் ட்யூப் இதெல்லாம் வைக்காதே. ஒரு மாசத்துல அமுங்கும், உன் 4.4 மூணாயிடும். இரும்புத் தகடோ பித்தளைத் தகடோ வை. காலின் முழு அகலத்துக்கும் வெட்டி, போல்ட் ஓட்டை போட்டு வை. பத்து மெல்லிசுத் தகடை அடுக்காதே, ஒரு தடிப்பு, மேல ஒண்ணு ரெண்டு மெல்லிசு, அவ்வளவுதான். தகடு வைக்கிறதுக்கு முன்னாடி பெட் கட்டையைக் குத்திப் பாரு. மரம் இத்துப்போயிருந்தா அது மேல என்ன கணக்கு போட்டும் பிரயோஜனம் இல்ல.

கால் போல்ட்டை இறுக்கின பிறகு மறுபடி அளக்கணும். இறுக்குறப்பவே இன்ஜின் கொஞ்சம் நகரும்.

உப்பனாறு_தம்பி | ஜூலை 9, இரவு 11.30

முடிச்சிட்டேன். முன்கால் வலது பக்க பெட் கட்டை மேல்பக்கம் டீசல் குடிச்சு மெத்துன்னு இருந்துச்சு, ஆசாரி வந்து அந்த இடத்தைச் செதுக்கி இலுப்பைத் துண்டு ஒட்டிக் கொடுத்தார். அதுல ஒரு நாள் போச்சு. லேத்துக்காரண்ணன் 4 மி.மீ., 1.5 மி.மீ. தகடு வெட்டிக் கொடுத்து, மெல்லிசுத் தகடும் கொடுத்தார். அவர் மனசு பெருசு.

முதல் தடவை இறுக்கினதும் இடது வலது 0.20 வித்தியாசம் வந்துச்சு. தளர்த்தி இன்ஜின் முன்பக்கத்தை ஜாக் வெச்சு ஒரு மயிரிழை தள்ளினேன். நாலாவது தடவையில மேல 0.30, கீழ 0.25, இடது 0.30, வலது 0.25. போல்ட் ஆறும் புதுசு போட்டேன். கிளாண்ட் கயிறும் புதுசு, நாலு வளையம், ஒவ்வொண்ணும் சாய்வா வெட்டி, இணைப்பு ஒரே இடத்துல வராம மாத்தி மாத்தி வெச்சேன்.

கப்ளிங்கை மூடுறப்ப ஒண்ணு நடந்துச்சு, அதைச் சொல்லணும். கடப்பாரை வேண்டியிருக்கல. ஷாஃப்ட்டை ரெண்டு கையால முன்னால இழுத்தேன், முகமும் முகமும் 'டக்'னு ஒட்டிக்கிச்சு. போல்ட் ஒவ்வொண்ணும் விரலாலேயே உள்ள போச்சு. அப்பா பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தார். ஒண்ணும் பேசல. ஒவ்வொரு போல்ட்டையும் வாங்கி அவரே ஒரு தடவை கையால போட்டு எடுத்துப் பார்த்தார்.

உப்பனாறு_தம்பி | ஜூலை 12, மாலை 6.40

ரெண்டு ட்ரிப் போயிட்டு வந்தாச்சு. 1500, 1600 சுத்தமா உதறல் இல்ல. 1750ல லேசா இருக்கு. கிளாண்ட் ஓடுறப்ப அஞ்சு நொடிக்கு ஒரு சொட்டு, கை வெச்சா வெதுவெதுப்புதான். சொம்பு வெச்ச இடத்துலயே இருக்கு.

தேங்காய்த்திட்டு_மெக்கானிக் | ஜூலை 12, இரவு 7.30

1750ல மிச்சம் இருக்கிறது ப்ரொப்பல்லரா இருக்கலாம். பழசுன்னு சொன்னியே. அடுத்து கரையேத்துறப்ப மூணு றெக்கையும் நுனி அளவு ஒண்ணா இருக்கான்னு பாரு. அதுக்காக இப்ப படகை ஏத்தாதே.

பத்து ட்ரிப் கழிச்சு மறுபடி தராசு மாட்டி அளந்துடு. புது இலுப்பைத் துண்டு கொஞ்சம் அமுங்கும்.

உப்பனாறு_தம்பி | ஆகஸ்ட் 11, இரவு 8.15

பத்து ட்ரிப் ஆச்சு, அளந்தேன். மேல 0.35, கீழ 0.23. வித்தியாசம் 0.12. அண்ணன் சொன்ன மாதிரியே வலது முன்கால் கொஞ்சம் அமுங்கியிருக்கு. எல்லைக்குள்ளதான் இருக்கு, இருந்தாலும் மெல்லிசுத் தகடு ஒண்ணு ஏத்தி 0.04க்குக் கொண்டுவந்துட்டேன். கியர்பாக்ஸ் பின் சீல் காஞ்சு இருக்கு, ஆயில் இறங்கல.

அளவு எல்லாத்தையும் இன்ஜின் ரூம் கதவு உள்பக்கம் பெயின்ட்ல தேதியோட எழுதி வெச்சிருக்கேன்.

கரையோரம் | ஆகஸ்ட் 11, இரவு 8.50

தம்பி, எங்கள் படகு இந்த வாரம் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில்தான் நிற்கிறது. நாலாவது பேரிங் போட்டு இறக்கி மூன்று நாள் ஆகிறது. லைன் இன்னும் அளக்கவில்லை. வீட்டுக்காரரிடம் இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். ஒரு தடவை நேரில் பார்த்தால் தானே செய்துகொள்வேன் என்கிறார். எங்கள் ஷாஃப்ட் 45 மி.மீ., அந்தரத்தில் நிற்கும் நீளம் ஒரு மீட்டர், கப்ளிங் 6 கிலோ. எத்தனை கிலோ தூக்க வேண்டும்?

கப்பல்_பாடம் | ஆகஸ்ட் 11, இரவு 9.05

45 மி.மீ. ஷாஃப்ட் மீட்டருக்குச் சுமார் 12.5 கிலோ. பாதி 6.25, கப்ளிங் 6. பன்னிரண்டேகால் கிலோ வையுங்கள் அம்மா.

உப்பனாறு_தம்பி | ஆகஸ்ட் 11, இரவு 9.20

அக்கா, நாளைக்கு எங்களுக்குத் தொழில் இல்ல. காலையில ஆறு மணிக்கு முதல் பஸ் பிடிச்சு வந்துடுறேன். ஃபில்லர் கேஜ் நான் கொண்டுவர்றேன். தராசும் டர்ன்பக்கிளும் நீங்க எடுத்து வெச்சிடுங்க, பேட்டரி முனையை அண்ணனைக் கழட்டி வைக்கச் சொல்லுங்க.